ஆம்பட்ஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்களில் ஊழியர்களின் மனக்குறையைக் கேட்கும் ஆம்பட்ஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். விசாரணையும் தீர்ப்பும் நம் வேலை இல்லை. ரகசியமாகக் கேட்டு, என்னென்ன வழி இருக்கிறது என்று எடுத்துச் சொல்வதுதான் வேலை. இது முதல் வாரமே எல்லாருக்கும் புரிந்துவிடும். சறுக்குவது வேறு இடங்களில்.

கெடுவைச் சொல்லாமல் விடுவது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. இனம், பாலினம், வயது போன்றவற்றால் பாகுபாடு நடந்தது என்று ஊழியர் நினைத்தால், 45 நாட்களுக்குள் அலுவலகத்தின் இ.இ.ஓ. (சம வேலைவாய்ப்பு) ஆலோசகரை அணுக வேண்டும். ஆம்பட்ஸிடம் பேசுவது அந்தக் கணக்கில் சேராது. நம்மிடம் சொன்னது நிர்வாகத்திடம் சொன்னதாகவும் ஆகாது.

ஓர் அலுவலகத்தில், பதவி உயர்வு கிடைக்காத ஒருவர் மூன்றாவது வாரத்தில் வந்தார். புது ஆம்பட்ஸ் நல்ல மனுஷர். பொறுமையாகக் கேட்டார், மேலாளரோடு உட்கார்ந்து பேச நாள் குறித்தார். மேலாளர் விடுப்பில் போனார், அப்புறம் பட்ஜெட் வேலை என்றார். பேச்சு முறிந்து அந்த ஊழியர் இ.இ.ஓ. பக்கம் போனபோது கெடு தாண்டிவிட்டது. கெடு தெரியாது என்று காட்டினால் நீட்டிப்பு தர விதியில் இடமுண்டு. ஆனால் அந்த 45 நாள் கணக்கை அச்சடித்த போஸ்டர், அவர் தினமும் காபி எடுக்கும் அறைச் சுவரிலேயே ஒட்டியிருந்தது!

"முதல் சந்திப்பிலேயே சட்டம் பேசினால் மிரண்டுவிடுவாரே" என்கிறார்கள். மிரண்டால் மிரளட்டும். ஆலோசகரைப் பார்ப்பது வழக்குப் போடுவதல்ல. முறையான புகார் கொடுக்கும்வரை, அனுமதியில்லாமல் ஆலோசகர் பெயரைச் சொல்லக் கூடாது. நம்மோடு பேசிக்கொண்டே அங்கேயும் போகலாம். "இது எந்தத் தேதியில் நடந்தது?" என்று கேளுங்கள். கடைசி நாளை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். நகல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

"எதுவும் வெளியே போகாது" என்ற வாக்குறுதி

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் போகும். முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பேச வருபவர் பெயரைக் காலண்டரில் எழுதுவது

வேண்டாம்.

ஆண்டறிக்கை

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நாலு பேர் உள்ள பிரிவைப் பற்றி "ஒரு பெண் ஊழியர் சொன்னார்" என்று எழுதி, அங்கே இருப்பதே ஒரே பெண் என்றால்? சின்னப் பிரிவுகளைச் சேர்த்துத் தொகுத்து எழுதுங்கள். அப்படியும் ஆள் அடையாளம் தெரிந்தால் அந்த வரியையே அடித்துவிடுங்கள், மேலிடம் எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் சரி.