கார்டு இல்லாமல் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

காரைக்குடியில் அக்கா மகனுக்கு முதல் கேமிங் கம்ப்யூட்டர். கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் எட்டவில்லை. உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி பிராசஸர் எடுத்தோம். கடையில் ஒரே 16 ஜிபி ராம் போட்டுக் கொடுத்தார்கள். கேம் திக்கித் திக்கி ஓடியது, பையன் முகம் வாடிவிட்டது.

இந்தச் சிப்புக்குத் தனி வீடியோ மெமரி கிடையாது, ராமைத்தான் எடுத்துக்கொள்ளும். ஒற்றை ராம் என்றால் தகவல் போய்வரும் வழி பாதிதான். அதை மாற்றி 8 ஜிபி இரண்டு வாங்கி, பிராசஸர் பக்கமிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்தினேன். அப்போதும் ராம் வேகம் 2400-இலேயே நின்றது. பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி செட்டிங்கைப் போட்டதும் 3200. திக்கல் போயே போய்விட்டது!

பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். எங்கள் தெருவில் மின்சாரம் ஏறி இறங்கும். நல்ல 550 வாட் வாங்கினோம். பிற்பாடு கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் அது தாங்கும்.