வெறுங்கால் ஓட்டம்: எடுத்தவுடனே ஓடாதீங்க

முதல் 2 வாரம் தினமும் 20 நிமிடம் வெறுங்காலில் நடந்தாலே போதும். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் 200 மீட்டர் ஓட்டம், 200 மீட்டர் நடை என மாற்றி மாற்றி 1 கிலோமீட்டர்.

குதிகாலை முதலில் குத்தினால் அதிர்வு முழங்காலுக்கு ஏறும். முன்பாதம் மெல்லத் தொட்டு, பின்னாலேயே குதிகாலும் தரையில் படியணும். குதிகாலைத் தூக்கியே ஓடுவதுதான் பலரும் செய்யும் தவறு; கெண்டைக்கால் இறுகி மறுநாள் படி இறங்க முடியாது. எட்டு வைப்பது குட்டையாக, நிமிடத்துக்கு 170–180 காலடி. ‘தப் தப்’ சத்தம் கேட்டால் ஊன்றல் சரியில்லை.

காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு (மேய்ச்சல் நிலம்) வேண்டவே வேண்டாம், வெள்வேல முள் கிடக்கும். புல்லுக்குள் சின்ன மஞ்சள் பூ தெரிந்தால் நெருஞ்சியாக இருக்கும், விலகுங்க. விடிகாலையில் சுத்தமான தார்ரோடுதான் பழக நல்லது. மெத்தென்ற மண் தப்பான ஊன்றலை மறைத்துவிடும். சித்திரை வெயிலில் பொழுது ஏறினால் தார் கொப்புளிக்க வைக்கும்.

பாதத்தின் மேல்பக்கம் ஒரே இடத்தில் விரலால் அழுத்த வலித்தால் எலும்பில் கீறல் இருக்கலாம். உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்க. சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் தயவுசெய்து இதில் இறங்காதீங்க.