இத்தாலிய அரசியலை ஆராய வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு முனைவர் பட்ட மாணவி தன் முதல் அத்தியாயத்தைக் கொடுத்தார். மூன்றாம் பக்கத்தில் ஓர் அட்டவணை: பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி; எதிரே, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமைந்த அரசுகளின் எண்ணிக்கை. என் மாணவப் பருவத்தில் நான் போட்ட அதே அட்டவணை. அடிக்குறிப்புப் பிழை, காலக்கெடு பற்றியெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் இதைச் சொல்கிறேன்.

அரசுகளை எண்ணிவிட்டு ‘நிலையற்ற நாடு’ என்று எழுதுவது

2022இல் அமைந்த மெலோனி அரசு, குடியரசின் 68ஆவது அரசு. எண் சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு.

ஒவ்வொரு ராஜினாமாவையும் ‘வீழ்ச்சி’ என்று குறித்துக்கொண்டு எட்டு மாதம் கணக்குப் போட்டேன். ஃப்ளோரன்ஸில் ஒரு கருத்தரங்கில் அதை வாசித்தபோது, முன்வரிசையிலிருந்த முதிய பேராசிரியர் ஒரே கேள்வி கேட்டார்: “மந்திரிகளில் எத்தனை பேர் மாறினார்கள்?” பதில் இல்லை. அன்றிரவு அமைச்சரவைப் பட்டியல்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். அந்திரேயோத்தி ஏழு அரசுகளில் பிரதமர். மற்ற காலங்களில் பாதுகாப்பு, வெளியுறவு என்று வேறு இலாகாக்கள். 1945 டிசம்பர் முதல் 1981 வரை பிரதமர்கள் எல்லோருமே கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர்கள். 1947 மே மாதம் வெளியேற்றப்பட்ட கம்யூனிஸ்ட் கட்சி, பின்னாளில் வெளியிலிருந்து ஆதரவு தந்ததே தவிர, 1991இல் கலையும்வரை ஒரு மந்திரி பதவியைக்கூடப் பெறவில்லை.

ஆக, நோய் நிலையின்மை அல்ல. ஆட்சி கைமாறவே மாறாத தேக்கம். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்குள் இருந்த கோஷ்டிகள் இலாகாக்களை மறுபடி பங்கிட்டுக்கொள்ளத்தான் பல அரசுகள் விழுந்தன. எட்டு மாத உழைப்பு குப்பைக்குப் போனது. இன்றும் அந்த அட்டவணையைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

பின்னால் வந்தது நேர்மாறு. 1992இல் மிலானில் லஞ்ச விசாரணை தொடங்கியது. 1994இல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி கலைந்தது. 2001இல் அமைந்த பெர்லுஸ்கோனி அரசு 1,412 நாள் நீடித்தது. ஆனால் 2001, 2006, 2008 என அடுத்தடுத்த மூன்று தேர்தல்களிலும் ஆண்ட அணி தோற்றது. வெறும் எண்ணிக்கையில் இந்த மாற்றம் எதுவும் தெரியாது.

அட்டவணையில் பிரதமர் மாற்றத்துக்கு ஒரு நெடுவரிசை, கூட்டணிக் கட்சிகளுக்கு ஒன்று, நீடித்த மந்திரிகளுக்கு ஒன்று எனப் பிரித்துப் போடுங்கள். அந்த மாணவியிடம் பட்டியல்களைக் கொடுத்திருக்கிறேன். கிறிஸ்தவ ஜனநாயகத் தலைவர்களில் ஒருவரான ஃபன்ஃபானியின் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று அடுத்த வாரம் கேட்பேன்.

செனட் வாக்கையும் கீழவை வாக்கையும் ஒன்றாகப் பாவிப்பது

2021 திருத்தம் வரை செனட்டுக்கு வாக்களிக்க 25 வயது ஆகியிருக்க வேண்டும். கீழவைக்கு 18 போதும். ஓர் அவையின் வாக்கிலிருந்து மற்றதன் வாக்கைக் கழித்து ‘இளைஞர் வாக்கு இவ்வளவு’ என்று அறிவிப்பதும் அவசரம்தான். வேட்பாளர்கள் வேறு, வாக்குச்சீட்டும் வேறு.

மொழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

முதல் ஆண்டிலேயே படியுங்கள். நாடாளுமன்ற விவாதங்கள் இத்தாலிய மொழியில்தான் இருக்கின்றன.

ஆகஸ்டில் ரோம் காப்பகங்களுக்குப் போவது

போகாதீர்கள்.