மலைநாட்டுல ஓட்டுற ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த க்ளச் போடலாம்

க்ளச் மாத்தணும்னு வர்ற பொடியன்கள் மொதல்ல கேக்கிறது "எத்தன ஸ்டேஜ் போடலாம் அண்ணே"ன்னு தான். அத ஓரமா வைங்க. ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2ங்கறதுக்கு பொது அளவு ஒண்ணும் கெடையாது, ஒரு கம்பெனிக்காரன் ஸ்டேஜ் 2ன்னு விக்கிறத இன்னொருத்தன் ஸ்டேஜ் 1ன்னு விப்பான். எத்தன நியூட்டன் மீட்டர் டோர்க் (இன்ஜினோட திருப்பு விசை) தாங்கும், ப்ளேட்டுல என்ன லைனிங் (உரசிப் புடிக்கிற மேல்பூச்சு), நடுவுல ஸ்ப்ரிங் இருக்கா இல்லையா, இத கேளுங்க.

அதுக்கும் முன்னாடி க்ளச் நெசமாவே போயிருச்சான்னு பாருங்க. ஏத்தத்துல நாலாவது கியர்ல 2000 ஆர்பிஎம் கிட்ட வச்சு எக்ஸலேட்டர முழுசா மிதிங்க, முள்ளு மட்டும் மேல போய் வண்டி வேகம் ஏறலன்னா ஸ்லிப் ஆகுது. ஆனா கியர் விழ மாட்டேங்குது, பெடல் தொய்வா கீழ போகுதுன்னா பெடல் அழுத்தத்த க்ளச்சுக்கு கொண்டு போற மாஸ்டர் சிலிண்டரோ ஸ்லேவ் சிலிண்டரோ லீக் அடிக்கலாம், அதுக்கு கியர்பொக்ஸ எறக்க தேவையில்ல.

இப்ப முக்கியமான விஷயம். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்துல இருக்கு, அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்த விட ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு கொறவு, டர்போ இல்லாத இன்ஜின்னா இழுவையும் அந்தளவுக்கு கொறஞ்சிரும், டர்போ இருந்தாலும் பூஸ்ட் வர்றதுக்கு முன்னாடி அதே கத தான். அப்ப ஏத்தத்துல வண்டி எடுக்க ஆர்பிஎம்ம கூட்டி, பெடல பாதி மட்டும் விட்டு ஹாஃப் க்ளச்ல கொஞ்சம் நேரம் கூட புடிச்சு தான் ஆகணும். ஹட்டன் டவுன் ட்ராபிக்ல பஸ்ஸுக்கு பின்னால, ரம்பொடை வளைவுல லொறிக்கு பின்னால, ஏப்ரல் சீசன்ல கிரகரி வாவி பக்கம் ஊர்ந்து ஊர்ந்து, எல்லாமே ஹாஃப் க்ளச் தான். கொழும்புக்காரனுக்கு சரியா இருக்கிற க்ளச் நமக்கு சரி வராம போறது இதனால தான். நமக்கு நெறைய டோர்க் தாங்குறத விட மெதுவா, ஒரே சீரா புடிக்கிறது தான் பெருசு.

அதனால என் கணக்குல ஓர்கானிக் லைனிங், ஸ்ப்ரிங் வச்ச ப்ளேட், அந்த ப்ளேட்ட அமுக்கிப் புடிக்கிற ப்ரஷர் ப்ளேட்டோட அழுத்தம் கம்பெனி அளவுக்கு கொஞ்சம் மேல. மஹகஸ்தோட்ட ஹில் க்ளைம்ப் (மலை ஏத்த கார் ரேஸ்) பாத்துட்டு வந்து, சுத்தி முழு லைனிங் இல்லாம செராமிக் துண்டுகள் வச்ச பட்டன் ப்ளேட் தான் வேணும்னு நிக்கிறவங்க இருக்காங்க, அந்த ரேஸ் கார் ஒரு ஸ்டார்ட் எடுத்து மேல போனா வேல முடிஞ்சுது, நீங்க காலைல வேலைக்கு போகணும். அந்த செராமிக் பட்டன் சுவிட்சு மாதிரி, ஒண்ணு புடிக்கும் இல்ல விடும், ஏத்தத்துல எடுக்கும்போது வண்டியே குலுங்கும், ப்ளேட் உரசுற ப்ளைவீலையும் (இன்ஜினோட சேந்து சுத்துற பாரமான சக்கரம்) சீக்கிரமா தின்னும். கெவ்லார் நல்லா நாள் உழைக்கும், ஆனா ஒரு தடவ அதிகமா சூடேறி மேல கண்ணாடி மாதிரி ஆயிட்டா பழைய புடிப்பு திரும்பி வர்றது கஷ்டம். ஓர்கானிக் லேசா கருகி வாடை வந்தாலும் ஆற விட்டா பெரும்பாலும் சரியாயிரும்.

எவ்வளவு தாங்கணும்? ஈகே9 சிவிக் டைப் ஆர் இன்ஜின் ஒரிஜினலா 160 நியூட்டன் மீட்டர் தான், லான்சர் எவோ 6 னா 373. உங்க இன்ஜின் இப்ப தர்றதுக்கு மேல இருபது முப்பது சதவீதம் போதும். அந்த சிவிக்குக்கு 400 தாங்குற க்ளச்ச போட்டா பெடல் கல்லு மாதிரி ஆகி எடது முழங்கால் தான் போகும், பெடல் மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் இன்ஜின் கிராங்க் முன்னப்பின்ன நகராம தாங்குற த்ரஸ்ட் பெயாரிங்குக்கும் அந்த அழுத்தம் போகும்.

பாரம் கொறஞ்ச ப்ளைவீல் வேணாம். ஆர்பிஎம் சட்டுனு ஏறும், அதே வேகத்துல விழவும் செய்யும், ரதெல்ல குறுக்கு வழி மாதிரி செங்குத்தா உள்ள எடத்துல நிப்பாட்டி எடுத்தா இன்ஜின் ஒஃப் ஆகும். இருக்கிற ப்ளைவீல லேத்துல குடுத்து மொகத்த சரி பண்ணா போதும், அந்த மொகத்துல படி மாதிரி உயரம் எறக்கம் வச்சு செஞ்சிருந்தா அந்த படியோட அளவும் மாறக்கூடாது. டூயல் மாஸ் ப்ளைவீல்னா (ரெண்டு பாகமா, நடுவுல ஸ்ப்ரிங் வச்சது) லேத்துக்கு குடுக்காதீங்க, ரெண்டு பாகத்துக்கும் நடுவுல ஆட்டம் எவ்வளவுன்னு பாத்து கூடிப் போயிருந்தா மாத்துங்க.

வாங்கும்போது கார் பேர சொல்லி கேக்காதீங்க, நம்ம நாட்டுல இன்ஜின் மாத்தின வண்டி ஏராளம். இன்ஜின் நம்பர், கியர்பொக்ஸ் நம்பர், பழைய ப்ளேட்டோட விட்டம், நடுவுல உள்ள பல்லு எத்தன, இதெல்லாம் எழுதிக்கிட்டு போங்க, கொழும்புல ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்கு போறதா இருந்தா பழைய ப்ளேட்டையே கையில கொண்டு போறது இன்னும் நல்லம். பழைய ப்ளேட்டுக்கு திரும்ப லைனிங் அடிச்சு தர்றேன்னு சொல்வாங்க, மெதுவா சுத்துற லொறி இன்ஜினுக்கு ஓடலாம், 8000 ஆர்பிஎம் சுத்துற இன்ஜின்ல அது பிஞ்சு பறந்தா கியர்பொக்ஸோட வெளிக்கூடே ஒடையும். வேணவே வேணாம்.

கியர்பொக்ஸ் எறக்குற கூலி எப்பிடியும் ஒண்ணு தான், அதனால ரிலீஸ் பெயாரிங் (பெடல் மிதிச்சா க்ளச்ச விடுவிக்கிறது), பைலட் பெயாரிங் (கியர்பொக்ஸ் ஷாஃப்ட் நுனிய தாங்குறது) உள்ள வண்டின்னா அது, கிராங்க்கோட பின்பக்க ஒயில் சீல் எல்லாத்தையும் ஒரே தடவையில மாத்திருங்க. அந்த சீல் ஒழுகினா புது ப்ளேட்டும் ஒயில்ல ஊறிப்போகும். புது ப்ரஷர் ப்ளேட் மேல துரு பிடிக்காம இருக்க ஒயில் பூசி வரும், ப்ரேக் க்ளீனர் அடிச்சு தொடைக்க சொல்லி, வேல செய்யிற மெக்கானிக் பாஸ் பக்கத்துல நின்னு பாருங்க. போட்டதுக்கு அப்புறம் ஒரு 800 கிலோமீட்டர் வரைக்கும் டவுன் ஓட்டமா, கியர் மாத்தி மாத்தி ஓட்டுங்க, ஆர்பிஎம் ஏத்தி க்ளச்ச பட்டுனு விடாதீங்க, ஏத்தத்துல நிக்கிறதுக்கு ஹேண்ட் ப்ரேக்க இழுங்க, க்ளச்லயே தாங்கிப் புடிச்சுக்கிட்டு நிக்க வேணாம்.