சோளகத்தில் இரணைதீவுக்குப் பாயில் போவதென்றால்

சோளகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், கிளிநொச்சிக் கரையில் உள்ள நாச்சிக்குடாவில் இருந்து இரணைதீவுக்குப் போகும்போது காற்று கொஞ்சம் முன்பக்கமாக அடிக்கும், வரும்போது கொஞ்சம் பின்பக்கமாக. புதிதாக வருகிறவர்கள் போகிற வழிக்குத்தான் பயப்படுவார்கள். நான் மாட்டுப்பட்டது வரும் வழியில். பின்னால் காற்று இருந்தால் அதன் பலம் உடம்புக்குத் தெரியாது. படகு நன்றாக ஓடுகிறது என்ற புளுகத்தில் பாயைக் குறைக்காமல் விட்டேன். சுக்கான் சற்றுப் பிசகியதும் பாய் படாரென்று மறுபக்கம் அடித்துத் தலையில் மூங்கில் விழுந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

அதனால் கடலில் வெள்ளை நுரை ஆங்காங்கே தெரியத் தொடங்கியதுமே பாயின் அடியைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். 'இப்போது குறைக்கலாமா' என்று யோசிக்கிறீர்கள் என்றால் நேரம் ஏற்கெனவே வந்துவிட்டது. பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைக் கையில் வைத்திருங்கள், ஒருபோதும் இறுக்கிக் கட்டாதீர்கள். திடீர்க் காற்று வந்தால் அதைத் தளர்த்த ஒரு கணம் போதும். முடிச்சை அவிழ்க்க அந்தக் கணம் கிடைக்காது.

பாக்குக் கடல் ஆழமில்லாதது, பல இடங்களில் 10 மீற்றர்கூட இல்லை. அதனால்தான் இங்கே அலை உயரமாக இல்லாவிட்டாலும் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக வரும். பக்கவாட்டில் வாங்கினால் படகு நிரம்பும். அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, சாய்வாக அலைக்குக் காட்டி ஏறுங்கள். ஒருவர் சுக்கானில், ஒருவர் தண்ணீர் இறைக்க. இறைக்கும் வாளியைக் கயிற்றில் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் நேரத்தில் அதுதான் முதலில் போகும்.

ஒதுங்க இடம் காற்றைப் பொறுத்தது. சோளகத்துக்குத் தீவின் கிழக்குப் பக்கம், வாடைக்கு, அதாவது வடகிழக்குக் காற்றுக்கு, தெற்குப் பக்கம். நங்கூரத்தைச் சாதாளை என்கிற கடற்புல்லுக்குள் போட்டால் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு வரும். வெறும் மணல் தெரியும் இடம் பார்த்து, ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விடுங்கள். இருட்டில் ஒதுங்கவே வேண்டாம்: கடலட்டைப் பண்ணைக் கம்புகளும் வலைகளும் கண்ணுக்குத் தெரியாது.

சித்திரையிலும் ஐப்பசியிலும் வேறு கதை. காலையில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு தரைப் பக்கம் கறுப்பாகக் கட்டி இடி வரும். மழைக்கு முன்னால் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் பாயை முழுவதும் இறக்கி, பாய்மரத்தை விட்டு விலகிக் குனிந்து இருங்கள். கார்த்திகை, மார்கழியில் நான் பாயோடு போவதே இல்லை. 2020 டிசம்பரில்தான் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. வாடையில் இழுபட்டவன் தலைமன்னார்ப் பக்க மணல் திட்டிகளில்தான் விழிப்பான்.

மோட்டார் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். தண்ணீர் ஏறியதும் அது முதலில் நின்றுவிடும். போகுமுன் வானிலை அறிவிப்பைக் கேளுங்கள், கரையில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லுங்கள். உதவி தேவைப்பட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

காற்று ஓயாவிட்டால் தீவிலேயே தங்கிவிடுங்கள். 2018 இல் சனம் திரும்பி வந்ததிலிருந்து அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், கதைக்கவும் ஆள் உண்டு. ஆனால் அவர்களுடைய தண்ணீரை நம்பிப் போகாதீர்கள். இரண்டு நாளுக்குத் தண்ணீரும் சாப்பாடும் எப்போதும் படகில் இருக்கட்டும், தேத்தண்ணீருக்குச் சீனியும்.