பவர் பிஐ சார்ட்டில் மாதங்களை வரிசையாக வரவைக்க

தரவுகளைப் படங்களாகக் காட்டும் மென்பொருளான பவர் பிஐ-யில் (Power BI) மாதப் பெயர் உள்ள பத்தியைத் தேர்ந்தெடுத்து, மேலே 'Column tools' பகுதியில் 'Sort by column' என்பதை அழுத்தி, மாத எண் உள்ள பத்தியைக் காட்டுங்கள். ஒருமுறை செய்தால் போதும், அந்தக் கோப்பில் மாதப் பெயர் வரும் எல்லாப் படங்களும் சரியாகிவிடும்.

மாதப் பெயர் மென்பொருளுக்கு வெறும் எழுத்துதான். அதனால் ஆங்கில அகர வரிசைப்படி ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர், பிப்ரவரி என்று அடுக்குகிறது. அந்தக் கோட்டுப் படத்தைப் பார்த்து விற்பனை ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லவே முடியாது, மீட்டிங்கில் தப்பான முடிவுக்கும் போகலாம்.

நிதியாண்டுக் கணக்கென்றால் ஏப்ரலுக்கு 1, மார்ச்சுக்கு 12 என்று எண் கொடுங்கள். வழக்கமான மாத எண்ணோடு (ஜனவரி 1, டிசம்பர் 12) 8 கூட்டி, 12-ஆல் வகுத்து வரும் மீதியுடன் 1 சேர்த்தால் அதுவே கிடைக்கும். இந்த எண்ணைத் தேதிப் பத்தியிலிருந்து எடுப்பது முக்கியம். மாதப் பெயரிலிருந்தே கணக்கிட்டால் இரண்டு பத்திகளும் ஒன்றையொன்று சார்ந்து சுழல் பிழை (circular dependency) வரும்.

ஒரு பெயருக்கு ஒரே எண்தான் இருக்கலாம். ஆகவே 202404 போல ஆண்டு சேர்ந்த எண்ணை வெறும் மாதப் பெயருக்குக் கொடுத்தால் ஏற்காது; பெயரிலும் ஆண்டைச் சேருங்கள். படத்தின் அச்சில் (axis) தேதிப் பத்தியையே நேரடியாக வைத்திருந்தால் இது தேவையே இல்லை.