'அகெய்ன்ஸ்ட்' எங்கே வரும், எங்கே வராது?

எதிர்ப்பைச் சொல்ல ஆங்கிலத்தில் அதிகம் கைகொடுக்கும் சொல் 'அகெய்ன்ஸ்ட்'. அதன் பின்னால் பெயர்ச்சொல் வரலாம்: 'வீ ஆர் அகெய்ன்ஸ்ட் த பிளான்'. வினை வந்தால் 'இங்' சேர வேண்டும்: 'அகெய்ன்ஸ்ட் கட்டிங் த ரப்பர் ட்ரீஸ்'. 'அகெய்ன்ஸ்ட் டு கட்' தவறு.

நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதுபவர்கள் கவனியுங்கள். 'வீ அப்போஸ் அகெய்ன்ஸ்ட் த பிளான்' என்று எழுதவே கூடாது. 'அப்போஸ்' என்ற வினைக்குள்ளேயே எதிர்ப்பு இருக்கிறது. 'வீ அப்போஸ் த பிளான்' போதும். 'அப்ஜெக்ட்' என்றால் 'டு' சேரும். 'ப்ரொட்டஸ்ட்', 'அப்பீல்' இரண்டோடும் 'அகெய்ன்ஸ்ட்' தாராளமாக வரும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்று. 1741 குளச்சல் போரைப் பற்றி, 'திருவிதாங்கூர் ஃபாட் வித் த டச்' என்று எழுதினால், டச்சுக்காரரோடு கூட்டுச் சேர்ந்து போரிட்டதாகவும் பொருள் வந்துவிடும். 'ஃபாட் அகெய்ன்ஸ்ட் த டச்' என்றால் குழப்பமே இல்லை.

எதிர்ப்பு இல்லாத இடத்திலும் இது வரும். சுவரில் சாய்த்த ஏணி 'அகெய்ன்ஸ்ட் த வால்'. நகையை ஈடாக வைத்து வாங்கும் கடன் 'லோன் அகெய்ன்ஸ்ட் கோல்ட்'.